டர்ஹாம் வீடியோவும் அதற்குப் பிறகும்: வீரர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை எங்கே கோட்டை விடுகிறது

கேள்வி இதுதான்: மைதானத்துக்கு வெளியே வம்பில் மாட்டும் கிரிக்கெட் வீரர்களைத் தண்டிக்க வாரியத்துக்கு எங்கிருந்து அதிகாரம் வருகிறது? ஒரே மாதிரித் தப்புக்கு ஒருவருக்கு ஓராண்டுத் தடை, இன்னொருவருக்கு வெறும் அபராதம் என்று ஏன் ஆகிறது?

அதிகாரம் வீரர் போட்ட கையெழுத்திலிருந்து வருகிறது. நடுவரை முறைத்தால், ஸ்டம்பை உதைத்தால், எதிரணி வீரரைத் தோளால் இடித்தால் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐசிசி) நடத்தை விதிகள் பாயும். மேட்ச் ரெஃப்ரி விசாரிப்பார். அங்கே எல்லாம் அட்டவணை போட்டு எழுதியிருக்கிறது. முதல் நிலைக் குற்றத்துக்குச் சம்பளத்தில் அதிகபட்சம் 50 சதவீதம் பிடித்தம், ஒன்றிரண்டு டிமெரிட் புள்ளி (வீரர் பெயரில் ஏறும் தண்டப் புள்ளி). 24 மாதத்துக்குள் நான்கு புள்ளி சேர்ந்தால் ஆட்டத் தடை. ஹோட்டல், பார், கார், டிவி ஸ்டூடியோ என்று வந்துவிட்டால் விஷயம் சொந்த நாட்டு வாரியத்தின் கைக்குப் போகிறது. வாரியம் கையில் எடுப்பது மூன்று காகிதங்களை: வாரியம் வீரரோடு போடும் ஆண்டு ஒப்பந்தமான மத்திய ஒப்பந்தம், அந்தத் தொடருக்காக வீரர் கையெழுத்திட்ட சுற்றுப்பயண ஒப்பந்தம், வாரியத்தின் சொந்த விதிகள். போலீஸ் வழக்கு இருந்தால் அது இதற்கெல்லாம் அப்பாற்பட்ட தனித் தடம்.

இந்தக் காகிதங்களில் பொதுவாக ஒரு பெரிய வாசகம் இருக்கும்: ஆட்டத்துக்கு அவப்பெயர் தேடித் தருதல். டிவியில் அசட்டுப் பேச்சு பேசியதும் அதில் அடங்கும், நடுத்தெருவில் ஒருவர் முகத்தில் குத்தியதும் அடங்கும். எதற்கு எவ்வளவு தண்டனை என்ற அட்டவணை கிடையாது, அல்லது மிக அகலமாக இருக்கும். ஆகவே யார் உட்கார்ந்து முடிவெடுக்கிறார், எப்போது எடுக்கிறார், எடுத்த முடிவு நிற்கிறதா என்பதுதான் தண்டனையின் அளவைத் தீர்மானிக்கிறது. விதியில் ஓட்டை என்று பலரும் சொல்கிறார்கள். என் பார்வையில் பெரும்பாலான வழக்குகள் கெட்டது நடவடிக்கையின் வரிசை தப்பியதால்.

இலங்கையை எடுத்துக்கொள்வோம், அங்கே எல்லா வகையும் கிடைக்கிறது. 2021 ஜூன் கடைசியில் இலங்கை அணி இங்கிலாந்தில் இருந்தது. டி20 தொடர் 3-0 என்று போயாயிற்று. கடைசி ஆட்டம் சவுத்தாம்ப்டனில் ஜூன் 26. அடுத்து 29-ஆம் தேதி செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டில் முதல் ஒருநாள் ஆட்டம். இடையில் டர்ஹாம் நகரத் தெருவில் வீரர்கள் இரவில் நிற்கும் வீடியோ ஒன்று சமூக ஊடகத்தில் வந்தது. கொரோனா காலம், வெளியாட்களோடு கலக்கக் கூடாது என்ற பயோ பபுள் கட்டுப்பாடு. குசல் மெண்டிஸ், நிரோஷன் டிக்வெல்ல, தனுஷ்க குணதிலக்க மூவரும் உடனே இடைநீக்கம் செய்யப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு மாதம் கழித்து, ஜூலை கடைசியில், விசாரணைக் குழு அறிக்கையின் பேரில் தண்டனை வந்தது: ஓராண்டு சர்வதேசத் தடை, ஆறு மாதம் உள்நாட்டுத் தடை, ஆளுக்கு ஒரு கோடி இலங்கை ரூபாய் அபராதம்.

இதுவரை பெரிய குறை சொல்ல முடியாது. இடைநீக்கம் வேகமாக வந்தது, விசாரணை தனிக் குழுவிடம் போனது, மூவருக்கும் ஒரே அளவு. அந்த ஆண்டு டி20 உலகக் கோப்பை மூவருக்கும் போயிற்று. ஆனால் 2022 ஜனவரி தொடக்கத்தில், ஓராண்டு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே, தடை நீக்கப்பட்டது. மீதி இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை, அதாவது அதற்குள் மறுபடி தப்பு செய்தால் மட்டும் அமலாகும் என்றார்கள். மார்ச்சில் மொஹாலி டெஸ்டில் டிக்வெல்ல விக்கெட் கீப்பிங் செய்துகொண்டிருந்தார். ஓராண்டு என்று சொல்லி ஆறு மாதத்தில் முடிப்பதைவிட முதலிலேயே ஆறு மாதம் என்று சொல்லிவிட்டு அதை முழுக்க நிறைவேற்றியிருந்தால் கனம் கூடுதலாக இருந்திருக்கும்.

குறைத்துக் கொடுப்பது அங்கே புதிதும் அல்ல. 2017-இல் பயிற்சிக்கு வராதது, ஆட்டத்துக்கு உபகரணம் இல்லாமல் வந்தது போன்றவற்றுக்காகக் குணதிலக்கவுக்கு ஆறு ஆட்டத் தடை விதித்தார்கள். பிறகு அது மூன்றானது. 2018 ஜூலையில் தென்னாப்பிரிக்காவுடனான கொழும்பு டெஸ்டின்போது இரவுக் கட்டுப்பாட்டை மீறியதற்காக மறுபடி ஆறு ஆட்டம். மூன்றாவதுதான் டர்ஹாம். படிப்படியாகக் கூட வேண்டிய தண்டனை நடுவில் தேய்ந்து தேய்ந்து வந்தால், நான்காவது முறை வாரியத்திடம் சொல்ல எதுவும் மிச்சமிருக்காது.

அதே வாரியம் வேறு ஆட்களிடம் எப்படி நடந்துகொண்டது என்றும் பாருங்கள். 2013-இல் மேற்கிந்தியத் தீவுகள் பயணத்திலிருந்து திரும்பும் விமானத்தில், 35,000 அடி உயரத்தில், ரமித் ரம்புக்வெல்ல விமானக் கதவைத் திறக்கப் பார்த்தார். தொடர் ஊதியத்தில் பாதி அபராதம், அவ்வளவுதான். அவர் தந்தை அப்போது அமைச்சர். 2018-இல் செயிண்ட் லூசியாவில் இரவு வெளியே போய் அணியோடு சேரத் தாமதித்த ஜெஃப்ரி வாண்டர்சேவைத் தொடரின் நடுவிலேயே ஊருக்கு அனுப்பினார்கள். ஆண்டு ஒப்பந்தத்தில் 20 சதவீதம் அபராதம், ஓராண்டு நிறுத்திவைத்த தடை. 2019 மார்ச்சில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதான திமுத் கருணாரத்னவுக்கு 7,500 டாலர் அபராதம். சில வாரத்தில் உலகக் கோப்பைக்கு அவரே கேப்டன். கருணாரத்னவைக் கேப்டனாக்கியது கிரிக்கெட் ரீதியில் தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் சாலையில் ஒருவர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆட்டத் தடையே இல்லை, ஹோட்டலுக்குத் தாமதமாக வந்ததற்கு விமான டிக்கெட் என்றால், டிரெஸ்ஸிங் ரூமில் இருக்கும் இளைய வீரர் என்ன கணக்குப் போடுவார்?

இலங்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1973-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணிக்கே விளையாட்டு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். தேர்வில் அமைச்சருக்குக் கை இருக்கும் இடத்தில் தண்டனையிலும் அரசியல் வாசனை அடிக்காமல் இருப்பது கஷ்டம்.

இந்தியாவின் கதை வேறு. அங்கே விதி சுத்தமாக எழுதப்பட்டிருந்தது, தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. 2019 ஜனவரி 6 அன்று ஒளிபரப்பான ஒரு டிவி நிகழ்ச்சியில் பெண்களைப் பற்றி ஹர்திக் பாண்டியா பேசிய பேச்சு கொந்தளிப்பைக் கிளப்பியது. கூடவே உட்கார்ந்திருந்த கே.எல். ராகுலும் மாட்டினார். விளக்கம் கேட்டு ஷோ காஸ் நோட்டீஸ், 11-ஆம் தேதி இடைநீக்கம், மறுநாள் சிட்னியில் முதல் ஒருநாள் ஆட்டம். இருவரும் ஆஸ்திரேலியாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இந்திய கிரிக்கெட் வாரியத்தின் (பிசிசிஐ) விதிகளின் வரிசை இப்படி: புகார் வந்தால் 48 மணி நேரத்தில் தலைமைச் செயல் அதிகாரியிடம் போக வேண்டும், அவர் முதற்கட்ட விசாரணை நடத்தி 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை ஆம்பட்ஸ்மனிடம் (புகார்களைத் தீர்த்துவைக்கும் நடுநிலை அதிகாரி) போகும், அவர் இரு தரப்பையும் கேட்டு முடிவெடுப்பார். விசாரணை முடியும்வரை இடைநீக்கம் செய்யலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு வராவிட்டால் இடைநீக்கம் தானாகக் காலாவதி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நேரத்தில் ஆம்பட்ஸ்மன் என்று ஒருவர் நியமிக்கப்படவே இல்லை. வாரியத்தை நடத்திய நிர்வாகக் குழுவில் மிச்சமிருந்த வினோத் ராய், டயானா எடுல்ஜி இருவருக்கும் எப்படி விசாரிப்பது என்பதில் ஒத்துப்போகவில்லை. விசாரணைக்கு ஆள் இல்லாமல் இரண்டு பேரை வெளியே உட்கார வைப்பது நியாயமில்லை என்பதால் ஜனவரி 24 அன்று இடைநீக்கம் நீங்கியது. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நீதிபதி டி.கே. ஜெயினை நியமித்தது. ஏப்ரல் 20-இல் அவர் உத்தரவு: ஆளுக்கு 20 லட்சம். அதில் பணியில் உயிர்நீத்த துணை ராணுவக் காவலர்கள் பத்துப் பேரின் குடும்பங்களுக்குத் தலா ஒரு லட்சம். மீதி 10 லட்சம் பார்வையற்றோர் கிரிக்கெட் நிதிக்கு. நான்கு வாரத்தில் கட்டாவிட்டால் ஆட்டச் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ஆட்டங்களை இழந்ததால் சுமார் 30 லட்சம் வருமானம் போய்விட்டதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

உத்தரவில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பணம் எங்கே போகிறது என்று சொல்லும் அபராதத்துக்கு மதிப்பு அதிகம். ஆனால் பேசிய நாளுக்கும் தீர்ப்பு நாளுக்கும் இடையில் மூன்றரை மாதம். அதற்குள் இருவரும் திரும்பி வந்து, ஐபிஎல் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கக் குறிப்பு: பாண்டியா இடத்துக்கு அழைக்கப்பட்ட தமிழ்நாட்டின் விஜய் சங்கர் ஜனவரி 18 அன்று மெல்போர்னில் முதல் ஒருநாள் ஆட்டம் ஆடினார், அந்த ஆண்டே உலகக் கோப்பைக்கும் போனார். ஒருவரின் டிவி பேட்டி இன்னொருவரின் கிரிக்கெட் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது.

இங்கிலாந்தில் விசாரிப்பவர்களும் வாரியமும் வேறு வேறு. 2017 செப்டம்பர் 25 அதிகாலை பிரிஸ்டலில், மேற்கிந்தியத் தீவுகளை வென்ற இரவில், கிளப்புக்கு வெளியே நடந்த அடிதடியில் பென் ஸ்டோக்ஸ் கைதானார். வாரியம் செய்த முதல் காரியம் தடை விதிப்பதல்ல. தேர்வுக்குப் பரிசீலிக்கவில்லை என்று மட்டும் சொன்னது. ஆஸ்திரேலியாவுடனான ஆஷஸ் டெஸ்ட் தொடர் முழுக்கப் போயிற்று. 2018 ஆகஸ்டில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. டிசம்பரில் கிரிக்கெட் ஒழுங்கு ஆணையம் எட்டு ஆட்டத் தடையும் 30,000 பவுண்ட் அபராதமும் விதித்தது. கூட இருந்த அலெக்ஸ் ஹேல்ஸுக்கு ஆறு ஆட்டம், 17,500 பவுண்ட். ஏற்கெனவே ஆடாமல் இருந்த ஆட்டங்களே தடைக்கு ஈடு என்று கணக்கிட்டார்கள்.

நீதிமன்றம் விடுவித்த பிறகும் எப்படித் தண்டிக்கலாம் என்று கேட்பவர்கள் உண்டு. நீதிமன்றம் கேட்பது குற்றம் நடந்ததா என்று. ஒழுங்குக் குழு கேட்பது ஒப்பந்தம் மீறப்பட்டதா என்று. முன்னதில் தப்பித்தவர் பின்னதில் மாட்டலாம். ஆனால் எப்போதும் அப்படி ஆக வேண்டும் என்பதில்லை. 2022 நவம்பரில் டி20 உலகக் கோப்பையின்போது சிட்னியில் குணதிலக்க பாலியல் குற்றச்சாட்டில் கைதானார். இலங்கை வாரியம் உடனே எல்லா வடிவங்களிலிருந்தும் இடைநீக்கம் செய்தது. 2023 செப்டம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது, அடுத்த மாதம் தடை நீங்கியது. இடைநீக்கம் என்பது தீர்ப்பு அல்ல என்பதை வாரிய அறிக்கையின் முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்று சட்ட ஆலோசகர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஹேல்ஸ் விஷயம் இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது. 2019-இல் கேளிக்கைப் போதைப்பொருள் சோதனையில் அவர் இரண்டாவது முறை தோற்றார். வாரியத்தின் கொள்கைப்படி அதற்கு 21 நாள் தடை, ஆண்டு ஊதியத்தில் 5 சதவீதம், எல்லாம் ரகசியம். செய்தி கசிந்ததும் உலகக் கோப்பை அணியிலிருந்தே நீக்கப்பட்டார். விதித்த தண்டனையை முடித்தவருக்கு மேலும் ஒரு தண்டனை. ஆனால் காகிதத்தில் அது தண்டனையே அல்ல, வெறும் அணித் தேர்வு. எதிர்த்து முறையிட முடியாது, எத்தனை நாள் என்றும் தெரியாது. 2022 வரை அவர் வெளியே இருந்தார்; திரும்பி வந்து டி20 உலகக் கோப்பை வென்ற அணியில் ஆடினார். வீரர்கள் நிஜமாகப் பயப்படுவது அபராதத்துக்கு அல்ல, இதற்குத்தான். நேர்மையான வாரியம் இதைக் குறைவாகப் பயன்படுத்தும், பயன்படுத்தினால் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லும்.

இந்த வம்புகள் எப்போது நடக்கின்றன என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். 2007 உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் தோற்ற இரவு செயிண்ட் லூசியாவில் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப் மிதிபடகில் கடலுக்குப் போனார். துணைக் கேப்டன் பதவி போயிற்று, கனடா ஆட்டமும் போயிற்று. 2013 ஜூனில் இங்கிலாந்திடம் தோற்ற இரவு பர்மிங்காம் பாரில் ஆஸ்திரேலியாவின் டேவிட் வார்னர் இங்கிலாந்தின் ஜோ ரூட்டைக் குத்தினார். 11,500 ஆஸ்திரேலிய டாலர், முதல் ஆஷஸ் டெஸ்ட் வரை தடை. ஆட்டம் முடிந்த இரவு, இரண்டு ஆட்டத்துக்கு நடுவே வரும் ஓய்வு நாள், தொடரின் கடைசி இரவு: ஆபத்தான நேரங்கள் இவைதான். ஆளைப் பொறுத்தவரை ஆடும் பதினொருவரைவிட வெளியே உட்கார்ந்திருப்பவர்களைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2022-இல் குணதிலக்க காயத்தால் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டு, மாற்று வீரரும் வந்த பிறகு, ஆஸ்திரேலியாவிலேயே அணியோடு இருந்தார். குற்றமற்றவர் என்று தீர்ப்பான வழக்கு அது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேலை இல்லாத வீரரைப் பல நாள் ஹோட்டலில் வைத்திருப்பதில் நிர்வாக ரீதியாக எந்தப் பயனும் இல்லை. சிகிச்சை அட்டவணை போடுங்கள், இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட் போடுங்கள்.

நள்ளிரவுக் கட்டுப்பாடு பலன் தருமா? ஓரளவுக்கு. 2017-18 ஆஷஸில் ஜானி பேர்ஸ்டோ பெர்த் பாரில் ஆஸ்திரேலியாவின் கேமரன் பான்கிராஃப்டைத் தலையால் முட்டி வணக்கம் சொன்ன விவகாரத்துக்குப் பிறகு இங்கிலாந்து அதைக் கொண்டுவந்தது. சில நாளிலேயே அதே பெர்த்தில் பென் டக்கெட், ஜேம்ஸ் ஆண்டர்சன் தலையில் பானத்தை ஊற்றினார். நேரத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் அதற்குள் குடித்து முடிக்கிறார்கள். யாரோடு போகிறேன், எங்கே போகிறேன் என்று பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு செய்தி அனுப்பும் பழக்கம், வெளியே போனால் இரண்டு பேராவது சேர்ந்து போவது, திரும்ப அணியின் வண்டி: இவை கடிகாரத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

அப்படியும் நடந்துவிட்டால் விடிவதற்குள் செய்ய வேண்டியவை உண்டு, பல வழக்குகள் தோற்பது இங்கேதான். அணி மேலாளர் கையால் எழுதிய குறிப்பு வேண்டும்: யார், எங்கே, எத்தனை மணிக்கு, யார் மூலம் தெரியவந்தது. சம்பந்தப்பட்டவர்களிடம் தனித்தனியாக வாக்குமூலம் வாங்க வேண்டும். மூவரையும் ஒரே அறையில் கேட்டால் மூவருக்கும் ஒரே கதைதான் வரும். அறைக் கதவின் மின்னணுப் பூட்டுப் பதிவையும் லாபி கேமரா காட்சியையும் பத்திரப்படுத்தச் சொல்லி ஹோட்டலுக்கு எழுத்தில் கேட்க வேண்டும். கேமராப் பதிவின் மேல் புதுப் பதிவு விழுந்து அழிந்துவிடும், நாலு வாரம் கழித்துக் குழு கேட்கும்போது இருக்காது. போலீஸ் உள்ளே வந்துவிட்டால் மேலாளர் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த அவசரத்தில் வீரர் எழுதித் தரும் மன்னிப்புக் கடிதம் நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சான்றாகலாம். புகார் சொன்னவரிடம் அணியிலிருந்து யாரும் பேசக் கூடாது, சமாதானம் பேசவும் கூடாது. பத்திரிகை அறிக்கை நாலு வரி போதும்: என்ன புகார், யார் இடைநீக்கம், எதுவரை, விசாரிப்பது யார்.

ஊருக்கு அனுப்பும் முடிவைக் கேப்டனும் மேலாளரும் மட்டும் எடுப்பது பழைய வழக்கம். 1936-இல் இங்கிலாந்துப் பயணத்தில் லாலா அமர்நாத்தை முதல் டெஸ்டுக்கு முன்பே கேப்டன் விஜயநகரம் மகாராஜ்குமாரும் மேலாளர் பிரிட்டன்-ஜோன்ஸும் கப்பலேற்றினார்கள். லார்ட்ஸில் நடந்த ஒரு ஆட்டத்தில் கால்காப்பு கட்டிக் காத்திருக்கவைத்து, வரிசையில் கீழே தள்ளிக்கொண்டே போனதில் அவர் வெடித்ததுதான் குற்றம். பிறகு நீதிபதி பியூமான்ட் தலைமையிலான குழு அமர்நாத் பக்கம் நியாயம் என்றது. டெஸ்ட் திரும்ப வராது. குறைந்தது வாரியத்தில் ஒருவரையாவது தொலைபேசியில் வைத்துக்கொண்டு, வீரர் சொல்வதையும் கேட்டு, காரணத்தை எழுதிய பிறகே டிக்கெட் போட வேண்டும்.

அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2013 மொஹாலி. எப்படி முன்னேறலாம் என்று மூன்று குறிப்பு எழுதித் தராததற்காக ஷேன் வாட்சன், மிட்செல் ஜான்சன், ஜேம்ஸ் பேட்டின்சன், உஸ்மான் கவாஜா நால்வரையும் டெஸ்ட் தேர்விலிருந்து நீக்கினார் ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் மிக்கி ஆர்தர். அடுத்த டில்லி டெஸ்டில் மைக்கேல் கிளார்க்குக்குக் காயம், கேப்டன் வாட்சன்! ஜூனில் ஆர்தர் வேலை போயிற்று. சின்ன விஷயங்கள் பல சேர்ந்துதான் அந்த முடிவு என்று அப்போது விளக்கினார்கள். அப்படியென்றால் அந்தச் சின்ன விஷயங்களுக்கு அப்போதைக்கப்போது எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 3-1 தோல்விக்குப் பிறகு 2025 ஜனவரியில் பிசிசிஐ பத்து அம்சக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 30 நாளுக்கு மேற்பட்ட பயணத்துக்கு 150 கிலோ பெட்டி, குறைந்த பயணத்துக்கு 120 கிலோ. 45 நாளுக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணத்தில் குடும்பம் இரண்டு வாரம். சொந்தச் சமையல்காரர், மேனேஜர் போன்றவர்களுக்குக் கட்டுப்பாடு. மீறினால் ஐபிஎல் வரை தடை போகலாம். இதில் பெட்டி எடை கணக்குப்பிள்ளை வேலை. மைதானத்துக்கும் பயிற்சிக்கும் அணியோடு சேர்ந்தே போவது, ஆட்டம் சீக்கிரம் முடிந்தாலும் தொடர் முடியும்வரை அணியோடு இருப்பது, உள்நாட்டு ஆட்டம் ஆடுவது ஆகிய மூன்றும்தான் உருப்படி. நட்சத்திர வீரருக்கு முதல் விலக்கு கொடுக்கும் நாளில் அவையும் காகிதம்.

நிறுத்திவைத்த தண்டனையைப் பற்றிக் கடைசியாக ஒன்று. 2022 உலகக் கோப்பையின்போது ஒப்பந்தப் பிரிவுகளை மீறியதாகச் சாமிக கருணாரத்னவுக்கு 5,000 டாலரும், ஓராண்டு தடையும் விதித்து, தடையை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தார்கள். இந்த வகைத் தண்டனை உத்தரவில் நான்கு விஷயம் எழுதியிருக்க வேண்டும்: எந்த மாதிரி மீறல் நடந்தால் தடை உயிர்பெறும், அதை யார் முடிவு செய்வார், மதுவோ சூதோ பின்னணியில் இருந்தால் எந்த மருத்துவரிடம் எத்தனை அமர்வு, அவர் அறிக்கை யாருக்குப் போகும். மருத்துவர் சொல்ல வேண்டியது வந்தாரா, ஒத்துழைத்தாரா என்பது மட்டும்தான். உள்ளே பேசியது தேர்வாளர் காதுக்குப் போகிறது என்று தெரிந்தால் எந்த வீரரும் வாய் திறக்கமாட்டார்.